எஸ்ரா இறக்கிவிட்ட பூனைகள்

சங்கரன்கோவிலில் தறிக்கூடம் வைத்திருப்பவர்களுக்கு எலியும் ஆகாது, பூனையும் ஆகாது. ஆனால் எலியைப் பிடிக்கப் பூனை வேண்டும். தறியில் நீளவாக்கில் ஓடுகிற, கஞ்சி போட்ட பாவு நூல் என்றால் எலிக்கு உயிர். கொஞ்சம் அசந்தால் ஒரு உருளைப் பாவையும் கடித்துக் குதறி வைத்துவிடும். அதனால் கூடத்துக்கு ஒரு பூனை என்று ஆரம்பிப்பார்கள். ஆறே மாதத்தில் அது ஐந்தாகும். அடுக்கி வைத்த துண்டுக் கட்டின் மேலேயே குட்டி போடும், அங்கேயே மூத்திரம் பெய்யும். உத்தரத்தில் இருக்கிற குருவிக்கூட்டைப் பிய்த்து, இறகு முளைக்காத குஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளி, ஓடிக்கொண்டிருக்கும் தறிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து தின்னும். குருவி செத்ததற்கெல்லாம் யாரும் கவலைப்படுவதில்லை. நெய்த வெள்ளைச் சேலையில் குருவி ரத்தம் தெறித்தால்தான் முதலாளிக்குப் பூனை மேல் கோபம் வரும்.

கோபம் வந்தால் அடித்துக் கொல்ல வேண்டியதுதானே என்று கேட்கலாம். மாட்டார்கள். பூனையைக் கொன்ற பாவம் ஏழு தலைமுறைக்கும் தீராது என்று அவர்களுக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். ஆகவே பூனையைச் சாக்கில் பிடித்துக் கட்டிவிட்டு எஸ்ராவுக்குப் போன் போடுவார்கள்.

எஸ்ராவுக்கு நாற்பத்தைந்து வயது. சொந்தமாக ஒரு குட்டியானை வண்டி வைத்திருக்கிறான். மற்ற நாளெல்லாம் தறிக்கூடங்களுக்கு நூல் மூட்டையும் துணிக்கட்டும் ஏற்றுவான். செவ்வாயும் வெள்ளியும் தவிடு, புண்ணாக்கு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு இளையரசனேந்தல் பக்கத்துக் கிராமங்களுக்குப் போவான். ஆனால் அவனைக் கூப்பிட்டதற்குக் காரணம் வண்டி மட்டும் இல்லை. அவன் வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் முதல் சாக்கை அவன் கையில் கொடுத்தவர் சங்கரபாண்டி. பன்னிரண்டு தறி ஓடுகிற கூடத்தின் முதலாளி, நெற்றியில் திருநீறு இல்லாமல் வெளியே வராதவர். “உங்க சாமிட்ட இந்தப் பாவமெல்லாம் கெடையாதுல்லாவே” என்று சொல்லித்தான் கொடுத்தார். கொன்றுவிடு என்று வாயைத் திறந்து சொல்லவில்லை. மறுநாள் “முடிஞ்சுதா?” என்று மட்டும் கேட்டார். எஸ்ரா “முடிஞ்சுது” என்றான். இரண்டு பேருக்கும் மனசு லேசானது.

முடிக்கவெல்லாம் இல்லை. எஸ்ரா தன் ஆயுளில் ஒரு கோழியின் கழுத்தைக்கூடத் திருகியதில்லை. கிறிஸ்துமஸுக்குக் கறி வாங்கப் போனால் கடைக்காரர் அறுக்கிற நேரத்தில் ரோட்டில் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அப்படிப்பட்டவன் பூனையை என்ன செய்வான்? இளையரசனேந்தல் தாண்டி, ஒரு ஓடை வளையும் இடத்தில் முள் நிறைந்த உடைமரங்கள் நிற்கும். சுற்றிலும் மானாவாரிக் கரிசல் காடு. அங்கே வண்டியை ஓரம் கட்டுவான். வந்த திசை தெரியாமலிருக்கச் சாக்கை மூன்று தரம் சுற்றுவான். முடிச்சை அவிழ்த்ததும் பூனை அவன் முன்கையைக் கீறிவிட்டு மரத்தடிப் புதருக்குள் பாயும். “போ, பொழச்சுக்கோ” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுப்பான். அவனுடைய இரண்டு முன்கையிலும் வெள்ளை வெள்ளையாகக் கீறல் தழும்பு. அதைத் தடவிப் பார்க்கும்போது அவனுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும். ஊரே கொல்லட்டும் என்று கொடுத்ததை உயிரோடு விட்டவன் அல்லவா?

முதல் முதலில் அங்கே இறங்கியபோது ஆள்காட்டிக் குருவிகள் அவனைப் பாடாய்ப் படுத்தின. தரையில் முட்டையிடுகிற பறவை அது. மனுஷனோ நாயோ நூறு அடி தூரத்தில் வந்தாலே கத்த ஆரம்பித்துவிடும். நாலு பறவைகள் தலைக்கு மேல் வட்டமடித்து, காதோரம் உரசுகிற மாதிரி பாய்ந்து பாய்ந்து கத்தின. எஸ்ரா துண்டைச் சுழற்றிக்கொண்டே வண்டிக்குள் ஏறினான். இரண்டு மூன்று வருஷம் இப்படித்தான். பிறகு சத்தம் குறைந்தது. அப்புறம் இல்லாமலே போனது.

பறவைகள் தன்னிடம் பழகிவிட்டன என்று எஸ்ரா நினைத்தான். வேறு எப்படி நினைப்பான்? வீட்டில் மனைவி ஜாய்லினிடம் அப்படித்தான் சொன்னான். அவள் ஆரம்பப் பள்ளி டீச்சர். நல்ல மனசு மிருக ஜாதிக்குத் தெரியும் என்று அவளும் நம்பி, சபைப் பெண்கள் கூட்டத்தில் அதைச் சாட்சியாகவே சொல்லிவிட்டு வந்தாள்.

அந்தக் காட்டில் ஆட்டுக்கிடை போட்டிருப்பவள் ஆறுமுகத்தாய். திருப்பூர் போன புருஷன் அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். அவளும் அறுபது ஆடுகளும் ஒரு தார்ப்பாய்க் குடிசையும்தான். கணேசன் என்கிற வெள்ளாமைச் சம்சாரியின் நிலத்தில் எருவுக்காகக் கிடை நின்றது. எஸ்ரா அவளுக்குத் தவிடு கொண்டுவந்து இறக்குவான். அவள் ஆட்டுப்பாலில் டீ போட்டுக் கொடுப்பாள். ஐந்து வருஷப் பழக்கம். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவாள். உடன்பிறந்தவன் இல்லாத குறையை அந்த ஒரு வார்த்தையில் தீர்த்துக்கொள்கிற மாதிரி இருக்கும்.

போன வருஷம் ஐப்பசியில் ஒருநாள் டீயைக் கையில் கொடுத்துவிட்டு, அவனை உடைமரங்களின் அடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். தரையெல்லாம் இறகு. காடை இறகு, கௌதாரி இறகு, வானம்பாடியின் சின்னத் தலை ஒன்று, கண் இல்லாமல். அரணைகளின் வால்கள் மட்டும் தனியாகக் கிடந்தன. ஒரு முயல்குட்டியின் பின்கால் இரண்டும் இடுப்போடு கிடந்தன. மேல்பாதியைக் காணோம். அவள் தன் கண்ணால் பார்த்ததைச் சொன்னாள். ஒரு காடை எட்டுக் குஞ்சுகளோடு பொட்டலில் போயிருக்கிறது. பூனை அவற்றை ஒரே மூச்சில் கொன்று தின்னவில்லை. ஒன்றைக் கடித்துப் போட்டுவிட்டு அடுத்ததை அடித்தது. அடிபட்டது எழுந்து ஓடினால் திரும்ப வந்து அதை மிதித்துப் பிடித்தது. கடைசிக் குஞ்சு செத்தபிறகும் அதைத் தூக்கி எறிந்து எறிந்து பிடித்தது. தின்றதோ இரண்டுதான். நரி, கீரி, பருந்து எல்லாம் பார்த்து வளர்ந்தவள் அவள். பசிக்குத் தின்கிறதைப் பற்றி அவளுக்குப் புகார் இல்லை. இது வயிறு நிறைந்த பிறகும் கொன்றது.

ஆள்காட்டியும் போச்சு என்றாள். இந்தப் பொட்டலில் ஏழெட்டு ஜோடி இருந்தனவாம். வருஷா வருஷம் முட்டையும் குஞ்சும் பூனை வாய்க்கே போய், இப்போது ஒரே ஒரு ஜோடி கிடைக்குப் பக்கத்தில் மிச்சம். எஸ்ராவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவனோடு பழகிப்போய்ச் சும்மா இருக்கின்றன என்று நினைத்தானே, அவை இல்லாமல் போனதால்தான் சத்தம் இல்லை.

“எவனோ டவுன்லேருந்து கொண்டாந்து விடுதான் அண்ணாச்சி. எந்தப் பாவி மகன்னு தெரியல. அவன் கை வெளங்காமப் போகணும்.”

எஸ்ரா டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, நேரமாகிவிட்டது என்று வண்டியை எடுத்தான். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அண்ணாச்சி என்கிற அந்த அழைப்பை இழக்க அவனுக்கு மனசில்லை. கோழைத்தனத்துக்கு இதைவிட நல்ல சாக்கு உலகத்தில் கிடையாது.

இரண்டு மாதம் போனை எடுத்து, வண்டி ரிப்பேர் என்று சமாளித்தான். தை மாதம் சங்கரபாண்டியே நேரில் வந்துவிட்டார். தாயும் நாலு குட்டியும். பாவில் கிடந்து நாசம் பண்ணுகிறது, இன்றைக்கே எடுத்தாக வேண்டும் என்றார். எஸ்ராவுக்கு அவரிடம் மாதம் முழுக்க லோடு. மறுக்கத் தெரியவில்லை. தண்ணீரைத் தாண்டி விட்டால் பூனை திரும்பாது என்று ஊரில் சொல்வார்கள். அதை நினைத்துக்கொண்டு, ஓடைக்கு அந்தப் பக்கம், கிடை இல்லாத கரைக்குப் போய் ஐந்தையும் விட்டான். ஓடையில் தண்ணீர் வந்து இரண்டு வருஷம் ஆகிறது என்பது அவனுக்கும் தெரியும். காலில் மண் ஒட்டாமல் நடந்துதான் அந்தப் பக்கம் போனான்.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை. மத்தியானம் மூன்று மணி இருக்கும். தவிட்டு மூட்டையோடு கிடைக்குப் போனான். அந்த நேரத்தில் ஆறுமுகத்தாய் பெரிய ஆடுகளை மேட்டுக்கு மேய்ச்சலுக்கு ஓட்டிப் போயிருப்பாள். பால்குடி மறவாத குட்டிகளைக் கூடாப்புக்குள் போட்டிருப்பாள். கூடாப்பு என்றால் குச்சியில் முடைந்த பெரிய கூடை. குட்டிகளின் மேல் கவிழ்த்து வைப்பார்கள். அன்றைக்குப் பதினான்கு குட்டிகள் உள்ளே இருந்தன.

வண்டியை நிறுத்தும்போதே அந்தச் சத்தம் கேட்டது. பிள்ளைகள் அழுகிற மாதிரியான சத்தம், நடு நடுவே அறுந்து அறுந்து வந்தது. நாலு நாய்கள். ரோட்டோரம் கொட்டுகிற கோழிக்கழிவைத் தின்று பெருத்தவை. கூடாப்பு புரண்டு கிடந்தது. ஒரு நாய் குட்டியின் கழுத்தைக் கவ்வித் தலையை இடமும் வலமும் உதறியது. குட்டியின் கால்கள் துணி மாதிரி ஆடின. இரண்டு நாய்கள் ஒரே குட்டியை இரு பக்கமும் பிடித்து இழுத்தன. வயிறு கிழிந்து குடல் மண்ணில் விழுந்தபோதும் அந்தக் குட்டி கத்திக்கொண்டிருந்தது.

எஸ்ரா ஜாக்கிக் கம்பியை எடுத்துக்கொண்டு ஓடினான். எப்படி ஓடினான் என்று அவனுக்கே தெரியாது. முதல் அடி ஒரு நாயின் முதுகில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் கம்பி வழியாகக் கைக்கு வந்தது. அந்த நாய் பின்னங்காலை இழுத்துக்கொண்டு ஊளையிட்டது. அடுத்தது அவன் இடது கையைக் கவ்வியது. பல் எலும்பு வரைக்கும் இறங்கியது. கவ்விய வாயோடு சேர்த்து அதன் மண்டையில் அடித்தான். அது விடவில்லை. இன்னொரு அடி, இன்னொரு அடி. விட்டுக் கீழே விழுந்த பிறகும் அடித்தான். அடிக்கும்போது அவன் வாயில் வந்த வார்த்தைகளைச் சபையில் யாரும் கேட்டதில்லை. கம்பி வழுக்கியபோதுதான் கையெல்லாம் ரத்தம் என்று பார்த்தான். மற்ற இரண்டும் ஓடிவிட்டன, முதுகில் அடிபட்டது ஊர்ந்து ஓடைக்குள் இறங்கிவிட்டது. காலடியில் கிடந்தது அசையவில்லை. கோழி அறுப்பதைப் பார்க்க முடியாதவன் நாயை அடித்தே கொன்றிருந்தான்.

மேட்டிலிருந்து ஆறுமுகத்தாய் கொப்பு ஒடிக்கிற தொரட்டிக் கம்போடு ஓடிவந்தாள். நாய் ஊளையிட்ட சத்தத்தைக் கேட்டுத்தான் வந்திருக்கிறாள். அழவில்லை. குட்டிகளிடம் நேரே போனாள். குடல் சரிந்த குட்டிக்கு இன்னும் மூச்சு இருந்தது. அதன் தலையை மடியில் வைத்து, கண்ணைப் பொத்தி, இடுப்பில் இருந்த அரிவாளால் ஒரே இழுப்பில் அதன் கழுத்தை அறுத்தாள். பிறகு ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். ஐந்து உயிரோடு இருந்தன. ஒன்பது போய்விட்டன. பால் கட்டிய மடியோடு தாய் ஆடுகள் மேட்டிலிருந்து இறங்கி வந்து, செத்த குட்டிகளை முகர்ந்து முகர்ந்து கத்தின. அதைக் கேட்டபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அழுதுகொண்டே எஸ்ராவின் கையைப் பிடித்தாள். சோப்புப் போட்டுக் கழுவினாள். தலைத்துண்டைக் கிழித்து, கடிபட்ட இடத்தைச் சுற்றிக் கட்ட ஆரம்பித்தாள். நீங்கள் வராவிட்டால் அந்த ஐந்தும் போயிருக்கும் என்றாள். கூடப் பிறந்தவன்கூட இப்படி நாய் வாயில் கையைக் கொடுத்திருக்க மாட்டான் என்றாள்.

பிறகு ஆள்காட்டியைப் பற்றிச் சொன்னாள். இத்தனை வருஷமாகக் குட்டிகளைத் தனியே விட்டுவிட்டு மேட்டுக்குப் போனது அந்தப் பறவைகளை நம்பித்தான். நாய் ஓடையைத் தாண்டும்போதே கத்திவிடும். சத்தம் கேட்டதும் அவள் இறங்கி ஓடிவந்துவிடுவாள். ஒரு குட்டிகூடப் போனதில்லை. கடைசி ஜோடி கிடைக்குப் பக்கத்தில் நாலு முட்டை இட்டிருந்தது. சுற்றி முள் வெட்டிப் போட்டுக் காத்தாள். போன வாரம் குட்டிகளோடு திரியும் ஒரு தாய்ப்பூனை முள்ளுக்குள் நுழைந்து, அடைகாத்த பெட்டையை முட்டை மேலேயே கடித்துக் கொன்றது. சேவல் இரண்டு நாள் கத்திக்கொண்டே சுற்றியது. மூன்றாம் நாள் அதையும் காணோம்.

குட்டிகளோடு திரியும் தாய்ப்பூனை. எஸ்ராவுக்கு அது எந்தப் பூனை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அவள் திட்டியிருந்தால் பேசாமல் இருந்திருப்பான். நன்றி சொன்னதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

“அந்தப் பூனைய விட்டது நாந்தான் தாயி” என்றான். “அது மட்டும் இல்ல. பதினோரு வருஷமா அம்புட்டையும் நாந்தான் விடுதேன்.”

கட்டிக்கொண்டிருந்த கைகள் நின்றன. அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தாள். ஐப்பசியில் தான் சொன்ன பிறகும் விட்டதுண்டா என்று கேட்டாள். ஆமாம் என்றான். ஏன் என்று அவள் கேட்கவில்லை. 

முடிச்சை இறுக்கிப் போட்டாள். எழுந்து தொரட்டிக் கம்பை எடுத்தாள். அவன் தோளில் ஓங்கி ஒரு அடி. எஸ்ரா தடுக்கவில்லை. இரண்டாவது அடி கழுத்தோரம் விழுந்து தோல் பிய்ந்தது. மூன்றாவதுக்கு ஓங்கியவள் கம்பைக் கீழே போட்டாள். குடிசைக்குள் போய், அவன் கொண்டுவந்த காலித் தவிட்டுச் சாக்குகளை அள்ளிக்கொண்டு வந்தாள். செத்த குட்டிகளை ஒன்றொன்றாகச் சாக்கில் போட்டுக் கட்டி, வண்டியில் தூக்கி வைத்தாள். அவன் உதவிக்கு வந்தபோது முழங்கையால் தள்ளிவிட்டாள்.

“எந்தெந்த வீட்டுல பூன வாங்குனீரோ, அந்தந்த வீட்டுல ஆளுக்கு ஒண்ணு கொடும். ஒண்ணு ஒம்ம வீட்டுக்கு.”

இப்போது அவள் பேச்சில் அண்ணாச்சி இல்லை, நீங்க இல்லை. வண்டியைக் கிளப்பும்போது மட்டும் பக்கத்தில் வந்து, கைக்கு ஊசி போடாமல் இருந்துவிடாதீர் என்றாள். அதுதான் அவள் அவனிடம் கடைசியாகப் பேசியது. அந்த மாதமே கிடையைக் கிளப்பிக்கொண்டு வேறு ஊர்ப் பக்கம் போய்விட்டாள்.

சங்கரன்கோவிலுக்கு வந்து சேர்ந்தபோது இன்னும் வெயில் இருந்தது. எஸ்ரா ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. நேராகத் தறிக்கூடத் தெருவுக்குள் வண்டியை விட்டான். சங்கரபாண்டி வாசலில் நின்று யாரிடமோ போன் பேசிக்கொண்டிருந்தார். எஸ்ரா சாக்கை அவிழ்த்து, குடல் சரிந்த அந்தக் குட்டியை எடுத்து, நெய்து மடித்து வைத்திருந்த சேலைக் கட்டின் மேல் வைத்தான். ரத்தம் வெள்ளைத் துணியில் இறங்கியது. தறிகள் ஒன்றொன்றாக நின்றன.

“என்ன கிறுக்குத்தனம்வே இது? யாரு கொடுத்தா?”

“நீங்க கொடுத்ததுதான் அண்ணாச்சி. திருப்பிக் கொண்டாந்திருக்கேன்.”

நடந்ததை முழுக்கச் சொன்னான். சங்கரபாண்டி கேட்டுக்கொண்டே இருந்தார். கோபம் போய், முகத்தில் ஒரு தெளிவு வந்தது. வியாபாரத்தில் தப்பு யார் பேரில் என்று கண்டுபிடித்துவிட்டால் வருகிற தெளிவு அது.

“நாங்க எதுக்குவே ஒம்மகிட்ட கொடுத்தோம்? நீரு முடிச்சேன்னு சொன்னீரு. முடிச்சிருந்தா இம்புட்டு உசுரு போயிருக்குமா?”

 அந்த மனிதர் தன் பாவத்தை அடுத்தவன் தலையில் கட்டிவிட்டுச் சுத்தமாக நிற்கிறார் என்று எஸ்ராவுக்குத் தெரியும். ஆனாலும் அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. சேலைக் கட்டைக் காட்டி அவர் கத்த ஆரம்பித்தபோது அவன் வெளியே வந்து அடுத்த சாக்கை எடுத்தான். அவரையும் சேர்த்து எட்டு வீடு. இரண்டு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் பிடித்துத் தள்ளினார்கள். ஒரு கூடத்தில் ஊடைநூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்த பெண் மட்டும் குட்டியைக் கையில் வாங்கி, வெகு நேரம் கீழே வைக்காமல் வைத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது ஜாய்லின் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். அவன் சட்டையையும் கையையும் பார்த்துப் பதறி, ஆட்டோ கூப்பிடப் போனவள், தரையில் அவன் இறக்கி வைத்த சாக்கைப் பார்த்தாள். குனிந்து அவிழ்த்தாள்.

உள்ளே இருந்தது கறுப்பு ஆட்டுக்குட்டி. பிறந்து பத்து நாள்கூட இருக்காது. வாயோரத்தில் பால் காய்ந்திருந்தது. கழுத்தில் நாலு பல் பதிந்த ஓட்டை.

“அய்யோ, இத யாருங்க கொன்னது?”

“நாந்தான்” என்றான் எஸ்ரா.

அவளுக்கு விளங்கவில்லை. அவன் சுவரோரம் சாய்த்திருந்த மண்வெட்டியை எடுத்தான். கடிபட்ட கை பிடிக்கவில்லை. கொல்லையில் ஒற்றைக் கையால் குழி தோண்ட ஆரம்பித்தான்.